புயலில் கிளம்பிய கொட்டகைக் கூரை: மறுபடி கிளம்பாதபடி சரிசெய்வது எப்படி?

தோட்டத்துக் கொட்டகையின் கூரை புயலில் போய்விட்டால் பலரும் செய்வது ஒன்றுதான். பறந்த தகரத்தை வேலியோரம் தேடி எடுத்து, சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, பழைய ஓட்டையிலேயே பழைய ஆணியை இறக்கிவிடுவார்கள். மழை ஒழுகாது, பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். அடுத்த பெருங்காற்றில் அதே மூலை அதே மாதிரி கிளம்பும். தகரத்தைக் கவனித்தவர்கள் பிடிமானத்தைக் கவனிக்கவில்லை என்பதுதான் காரணம்.

காற்று கூரைக்கு என்ன செய்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 48 கிலோ எடைக்குச் சமம். அரை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகரம் அதே ஒரு சதுர மீட்டருக்கு நாலு, நாலரை கிலோதான் இருக்கும். சரிவு குறைந்த கூரையின் மேல் காற்று ஓடும்போது கூரையை அது மேல்நோக்கி இழுக்கிறது. 2 மீட்டருக்கு 3 மீட்டர் என்ற சிறிய கொட்டகையில்கூட அந்த இழுப்பு 280 கிலோ அளவுக்குப் போகலாம். விளிம்பிலும் மூலையிலும் இழுப்பு இன்னும் அதிகம். கதவு திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த விசையைத் தகரத்தின் எடை தாங்காது. ஸ்க்ரூ, ரீப்பர் (தகரத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டம்), கைமரம் (ரீப்பரைத் தாங்கும் சரிவான மரம்), தூண், அஸ்திவாரம் என்று தரைவரை ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தால்தான் கூரை நிற்கும். அந்த வரிசையில் எது பலவீனமோ அங்கேதான் விட்டுப்போகும்.

கீழே சொல்லும் முறை பெரும்பாலும் மரச் சட்டம் அல்லது இரும்புக் குழாய் மேல் நெளி தகரம் போட்ட கொட்டகைக்கானது. பிளைவுட் மேல் தார் ஷீட் ஒட்டிய கூரைக்குத் தனியாகக் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

ஏறுவதற்கு முன்

காற்று முழுதாக அடங்கும்வரை கூரைப் பக்கம் போக வேண்டாம். பாதி கழன்ற தகரம் ஒரு சிறு காற்றுக்கே கத்தி மாதிரி வீசும். அறுந்த மின்கம்பி எங்காவது தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று தூரத்தில் நின்றே பாருங்கள். சந்தேகம் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ஈரத் தரையில் நின்று குச்சியால் தள்ளிப் பார்ப்பது உயிருக்கு உலை. கொட்டகைக்கு மின் இணைப்பு இருந்தால் வீட்டிலேயே அதை நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது படம். காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எதையும் நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும், உள்ளிருந்து மேல்நோக்கியும் படம் எடுத்துவையுங்கள். கழன்ற இடங்களைக் கிட்டப்போய் எடுத்த படங்கள், காரணத்தைக் கண்டுபிடிக்கும்போது ரொம்ப உதவும்.

உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும்போது கையுறையும் தடித்த காலணியும் அவசியம். குவிந்து கிடக்கும் தகரத்துக்கும் பலகைக்கும் அடியில் பாம்பும் தேளும் ஒதுங்கியிருக்கும், குளவிக் கூடும் இருக்கலாம். முதலில் ஒரு நீளக் கம்பால் தட்டி, நெம்பித் தூக்கிப் பாருங்கள். விரலை உள்ளே விடாதீர்கள். பூச்சிமருந்துப் புட்டிகள் உடைந்திருந்தால் அவற்றைத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தோட்டத்தில் ஓட விடாமல், மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்ச வைத்துத் தனியாக அள்ளுங்கள். நனைந்த மின்கருவிகளை நன்றாகக் காயவைத்துச் சோதிக்கும்வரை இணைக்க வேண்டாம்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால்

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். பழைய கொட்டகைகளில் சாம்பல் நிறத்தில், தடிமனாக, அலை அலையாக இருக்கும் சிமெண்ட் ஷீட்டில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்க வாய்ப்புண்டு. அது முழுதாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. உடையும்போதும், துளையிடும்போதும், அறுக்கும்போதும், காய்ந்த துண்டுகளைப் பெருக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கின்றன. மூச்சுவழி போன அந்த நார்கள் நுரையீரலிலும் அதைச் சுற்றியுள்ள சவ்விலும் புற்றுநோயை உண்டாக்கும். நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். பிரிட்டன் 1999-லும் ஆஸ்திரேலியா 2003 இறுதியிலும் இதை முழுதாகத் தடைசெய்தன.

புயலில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சொந்தமாகச் சரிசெய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். துண்டுகளைத் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல், இதற்கென்று பயிற்சி உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். அப்புறப்படுத்தும் விதி ஊருக்கு ஊர் வேறு, உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். அந்த ஷீட் எந்த இடத்திலும் சட்டென்று உடையும் என்பதால், அதன் மேல் கால் வைப்பது எந்த நிலையிலும் கூடாது.

தற்காலிகமாக மூடுவது

சாமான் வாங்கி வேலை தொடங்கச் சில நாள் ஆகும் என்றால் தார்ப்பாய் போட வேண்டியிருக்கும். தார்ப்பாயை ஓட்டைக்கு மட்டும் விரித்துச் சுற்றிலும் செங்கல் வைப்பதுதான் வழக்கம். இரண்டுமே தப்பு. மேலிருந்து ஓடிவரும் தண்ணீர் தார்ப்பாய்க்கு அடியில் புகுந்துவிடும். செங்கல் காற்றில் உருண்டு யார் தலையிலாவது விழும்.

தார்ப்பாய் முகட்டைத் தாண்டி மறுபக்கம் ஒரு மீட்டராவது இறங்க வேண்டும். ஓரங்களை ஒரு ரீப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றி, அந்த ரீப்பரையே கைமரத்தோடோ சுவர்ச் சட்டத்தோடோ ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். தார்ப்பாய் ஓரத்துக் கண்ணியில் (துளை வளையத்தில்) கயிறு கட்டினால் கண்ணி மட்டும் கிழிந்து கையோடு வரும். ரீப்பரில் சுற்றினால் இழுப்பு முழு ஓரத்துக்கும் பரவும். படபடவென்று அடிக்கும் தார்ப்பாய் ஓரிரு நாளில் நைந்துவிடும், அதனால் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுவது முக்கியம். நல்ல தகரத்தில் ஆணி அடித்துத் தார்ப்பாயை நிறுத்தாதீர்கள்.

எங்கே விட்டது என்று பாருங்கள்

இந்த இடத்தில் நேரம் செலவழித்தால் மீதி வேலை தானாக நேராகும். பறந்த தகரத்தையும் அது இருந்த இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கழன்ற விதமே காரணத்தைச் சொல்லும்.

ஸ்க்ரூவோ ஆணியோ மரத்தில் அப்படியே நின்று, தகரம் மட்டும் போயிருக்கிறதா? தகரத்தில் ஓட்டை கிழிந்து, ஓரம் மேல்நோக்கி மலர்ந்திருக்கும். தலை சிறியது, வாஷர் இல்லை, அல்லது தகரம் அங்கே துருப்பிடித்து மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். சில சமயம் கிழிசல் வட்டமாக இல்லாமல் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போலக் கீறல் விட்டிருக்கும். அது ஒரே அடியில் நடந்ததல்ல. பல காற்றுகளில் தகரம் ஏறி இறங்கி, உலோகம் களைத்துப்போய்க் கீறல் ஓடியிருக்கிறது. அப்படி ஒரு தகரத்தில் கழன்ற மூலையை மட்டும் சரிசெய்துவிட்டுப் போக முடியாது. மீதி ஓட்டைகளிலும் அதே கீறல் ஆரம்பித்திருக்கும், விரல் நகத்தால் தடவினால் தட்டும்.

ஆணி தகரத்தோடு சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் மரத்தைப் பாருங்கள். வழவழப்பான ஆணி மரத்தை உராய்வால் மட்டுமே பிடிக்கிறது. மரம் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, அந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஓட்டையைச் சுற்றி மரம் கறுத்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பஞ்சு மாதிரி உள்ளே போனால் உளுத்துவிட்டது. மரம் கெட்டியாக இருந்தால் ஆணிதான் குட்டை. இரும்புக் குழாயில் ஜே ஹூக் (ஆங்கில J வடிவக் கொக்கி) போட்டிருந்தால் கொக்கியின் வளைவைப் பாருங்கள். இழுவையில் கொக்கி நிமிர்ந்து கழன்றிருக்கும். அதை மறுபடி வளைத்து மாட்டுவது வீண் வேலை, ஒருமுறை நிமிர்ந்த வளைவில் பழைய வலு இருக்காது.

ரீப்பரும் தகரமும் ஒன்றாகவே பறந்திருந்தால், தகரத்தை மாட்டியவர் நன்றாக மாட்டியிருக்கிறார். ரீப்பரைக் கைமரத்தோடு சேர்த்தவர்தான் ஒற்றை ஆணியோடு விட்டுவிட்டார். கொட்டகைகளில் இது சர்வ சாதாரணம். கூரை முழுதாகக் கழன்று தள்ளி விழுந்திருந்தால் கைமரத்துக்கும் சுவருக்கும் நடுவே பிடிப்பே இருந்திருக்காது. எடையை நம்பி உட்கார வைத்திருப்பார்கள்.

கடைசியாகக் கொட்டகையின் உடம்பு. தரையில் எதிரெதிர் மூலைகளுக்கு நடுவே டேப் பிடித்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், மேலே சுவர்ச் சட்டத்திலும் அதேபோல் அளங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் கொட்டகை கோணியிருக்கிறது. தூணுக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சாய்வு தெரியும். நேற்றுவரை சுலபமாகச் சாத்திய கதவு இன்று தட்டினால் அதுவும் ஓர் அறிகுறி. தூண் அடியில் மண் விரிசல் விட்டு வளையமாக இடைவெளி தெரிந்தால், தூணே மேலே இழுபட்டிருக்கிறது. கோணிய கொட்டகையின் மேல் புதுத் தகரம் போட்டால் ஒரு ஓரம் முன்னே, ஒரு ஓரம் பின்னே என்று இழுத்துக்கொண்டு நிற்கும். முதலில் கயிறும் டர்ன்பக்கிளும் (கயிற்றைத் திருகி இறுக்கும் கொக்கி) போட்டு மூலைக்கு மூலை இழுத்து நேராக்கி, குறுக்குச் சட்டம் அடித்து நிறுத்துங்கள். அப்புறம்தான் கூரை.

மேலே வேலை செய்யும் விதம்

கொட்டகை தாழ்ந்ததுதானே என்று அலட்சியம் வேண்டாம். இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் முதுகெலும்பு முறியலாம். ஏணியை 4 மீட்டர் உயரத்துக்கு 1 மீட்டர் என்ற கணக்கில் வெளியே தள்ளி வையுங்கள், ஏணி கூரை விளிம்புக்கு மேல் ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும். மெல்லிய தகரத்தில் நடக்க வேண்டியிருந்தால் ஸ்க்ரூ வரிசை தெரியும் இடத்தில், அதாவது ரீப்பருக்கு நேராக மட்டும் கால் வையுங்கள். அதைவிட நல்லது, இரண்டு மூன்று ரீப்பர்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன் மேல் மண்டியிடுவது. வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக் ஷீட் இருந்தால் அதை ஓட்டை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கொட்டகையில் பாதி வேலையை ஏறாமலே முடிக்கலாம். இரண்டு பக்கமும் ஏணியோ மேடையோ வைத்து, தகரத்தை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டே போனால் கூரை மேல் கால் வைக்கும் தேவையே குறையும். ஆனால் தகரம் தூக்க இரண்டு பேர் வேண்டும். காற்று கொஞ்சம் எழுந்தாலும் தகரம் படகின் பாய் மாதிரி ஆளை இழுத்துவிடும், அந்த நேரத்தில் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

சட்டங்களைச் சரிசெய்தல்

உளுத்த ரீப்பரை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். முழுதாக மாற்றுவது சுலபம், செலவும் குறைவு. விரிசல் விட்ட கைமரம் வேறு கதை. அதை மாற்ற வேண்டுமானால் கூரையே இறங்க வேண்டியிருக்கும். அதனால் பக்கத்தில் துணைச் சட்டம் சேர்ப்பார்கள். முதலில் கீழிருந்து முட்டுக் கொடுத்து, தொய்ந்த கைமரத்தை மெதுவாக நேர்நிலைக்குத் தூக்குங்கள். முட்டின் அடியில் அகலமான பலகை இருக்கட்டும், இல்லாவிட்டால் ஈர மண்ணில் முட்டு இறங்கிவிடும். பிறகு அதே அளவுள்ள மரத்தை விரிசலுக்கு இரண்டு பக்கமும் 60 செ.மீ.க்குக் குறையாமல் நீளும்படி ஒட்டி வைத்து, போல்ட் நட்டு போட்டு இறுக்குங்கள். போல்ட்டுகள் ஒரே நேர்கோட்டில் வந்தால் மரம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். மேலும் கீழுமாக மாற்றி மாற்றிப் போடுங்கள்.

இரும்புக் குழாய் வளைந்திருந்தால், லேசான வளைவை நிமிர்த்தலாம். மடிந்து நெளிந்துவிட்டால் அந்தத் துண்டை மாற்றித்தான் ஆக வேண்டும். வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும், கசடைத் தேய்த்தெடுத்துவிட்டு ஜிங்க் பெயிண்ட் அடிக்காமல் விட்டால் முதலில் துருப்பிடிப்பது அங்கேதான்.

ரீப்பர் இடைவெளியையும் இதே சமயத்தில் திருத்திவிடுங்கள். அரை மில்லிமீட்டர் தகரத்துக்கு நடுப்பகுதியில் 90 செ.மீ.க்கு மேல் நான் விடமாட்டேன். கூரை விளிம்பையும் முகட்டையும் ஒட்டி 60 செ.மீ. போதும். இழுப்பு அதிகமாக இருக்கும் இடத்தில் பிடிப்பும் நெருக்கமாக இருக்க வேண்டும் அல்லவா?

ரீப்பரும் கைமரமும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நீள ஸ்க்ரூவோடு, துளையிட்ட இரும்புப் பட்டை ஒன்றையும் மடித்துப் போட்டு இரண்டு பக்கமும் முடுக்குங்கள். கைமரம் சுவர்ச் சட்டத்தில் உட்காரும் இடத்துக்கு இன்னும் தடித்த பட்டையோ எல் ஆங்கிளோ வேண்டும். கூரை திறந்திருக்கும்போது இதைச் செய்யாவிட்டால் பிறகு கை நுழையாது.

தகரம்: ஒட்டுவதா, மாற்றுவதா?

கிளை குத்திய ஒற்றை ஓட்டை, ஆணி கழன்ற சிறு துளை போன்றவற்றை ஒட்டலாம். ஓட்டையைச் சுற்றிலும் 5 செ.மீ.க்குக் குறையாமல் மூடும் அளவுக்கு அதே வகைத் தகரத்தில் துண்டு வெட்டி, நெளிவுக்குத் தக்கபடி வளைத்து, அடியில் பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டும் பட்டை) ஒட்டி, ரிவெட் அடிக்க வேண்டும். துண்டின் மேல் ஓரத்தை முகட்டுத் தகடுக்கு அடியில் செருக முடிந்தால் ரொம்ப நல்லது, தண்ணீர் அதன் மேல் ஓடிப்போய்விடும். சிலிக்கான் பூசுவதானால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம். காயும்போது அதிலிருந்து வரும் அமிலம் துத்தநாகப் பூச்சை அரிக்கும். நியூட்ரல் என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள்.

மடிந்து கோடு விழுந்த தகரம், ஓட்டைகளில் கீறல் ஓடிய தகரம், கீழ் ஓரம் துருவால் சல்லடையானது ஆகிய மூன்றையும் மாற்றிவிடுங்கள். தட்டி நிமிர்த்திய தகரம் பக்கத்துத் தகரத்தோடு படியாது. அந்த இடைவெளியில்தான் அடுத்த முறை காற்று விரல் விடும்.

புதுத் தகரம் முகட்டிலிருந்து விளிம்புவரை ஒரே நீளத்தில் இருக்கட்டும். கொட்டகை அளவுக்கு அது சாத்தியம்தான், குறுக்கு இணைப்பே இல்லாமல் போகும். தவிர்க்க முடியாவிட்டால் மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் 15 செ.மீ. ஏறட்டும், சரிவு குறைந்த கூரையில் அதை 20 செ.மீ.க்கு மேல் கொடுத்து, நடுவே டேப்பும் ஒட்டுங்கள். வெட்டுவதற்குத் தகரக் கத்தரியோ, தகரத்தைக் கடித்து வெட்டும் நிப்ளரோ போதும். கிரைண்டரில் தெறிக்கும் தீப்பொறி பூச்சைச் சுட்டு, விழுந்த இடமெல்லாம் பொட்டுப் பொட்டாகத் துருவை உண்டாக்கும். பழைய துத்தநாகத் தகரத்தோடு செம்பு எதுவும் தொடக் கூடாது. செம்புப் பொருளிலிருந்து வடியும் தண்ணீர்கூடத் துத்தநாகத்தைத் தின்றுவிடும்.

போடும் வரிசையும் முடுக்கும் விதமும்

உங்கள் பக்கம் பெருங்காற்று வழக்கமாக எந்தத் திசையிலிருந்து வருமோ, அதற்கு எதிர்ப்பக்க ஓரத்திலிருந்து முதல் தகரத்தைத் தொடங்குங்கள். அப்போது ஒவ்வொரு அடுத்த தகரமும் முந்தையதன் மேல் ஏறும்; இணைப்பின் வாய் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். பக்க இணைப்பில் அலை நெளிவென்றால் ஒன்றரை நெளிவும், பட்டை வடிவ நெளிவென்றால் ஒரு மேடும் ஒன்றன் மேல் ஒன்று படிய வேண்டும். முதல் தகரம் கோணினால் கடைசித் தகரம் கையளவு விலகிவிடும். விளிம்பில் நூல் பிடித்து அதற்கு நேராக வையுங்கள். விளிம்புக்கு வெளியே 5 முதல் 7 செ.மீ. போதும். நிழலுக்காக அரை மீட்டர் நீட்டி விடுவது காற்றுக்குக் கைப்பிடி வைத்துக் கொடுப்பதுதான்.

ரீப்பர் எங்கே ஓடுகிறது என்று தகரத்தின் மேல் நூல் கட்டியோ சுண்ணாம்புக் கோடு போட்டோ குறித்துக்கொள்ளுங்கள். குறி தவறிய ஸ்க்ரூவின் முனை உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். அது பிடிக்கவும் பிடிக்காது, ஒழுகவும் செய்யும்.

ஸ்க்ரூவை நெளிவின் மேட்டில் போட வேண்டும், பள்ளத்தில் தண்ணீர் ஓடும். மேட்டின் உயரத்தைக் கழித்து 35 மி.மீ.யாவது மரத்துக்குள் இறங்கும் நீளம் வேண்டும்; நெளிவு 20 மி.மீ. உயரமென்றால் 55 மி.மீ. ஸ்க்ரூ. இரும்புச் சட்டத்துக்குத் துளைமுனை உள்ள ஸ்க்ரூவைப் போடுங்கள், குறைந்தது மூன்று மரை அடியில் தாண்டி வெளியே தெரிய வேண்டும். மரத்துக்கும் இரும்புக்கும் ஸ்க்ரூ முனை வேறு வேறு. கடையில் கேட்கும்போது சட்டம் என்னவென்று சொல்லியே கேளுங்கள். ஸ்க்ரூவோடு வரும் ரப்பர் வாஷர் இ.பி.டி.எம். வகையாக இருந்தால் வெயிலைத் தாங்கும்.

முடுக்குவதில்தான் கை பழக வேண்டும். ரப்பர் லேசாகப் பிதுங்கி, இரும்பு வாஷரின் விளிம்புக்குச் சமமாக வந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கால் சுற்று விட்டால் மேடு குழிந்து அங்கே தண்ணீர் தேங்கும், ரப்பரும் கிழியும். குறைவாக விட்டால் வாஷரைக் கையால் சுற்ற முடியும். டிரில் மெஷினின் கிளட்சைக் குறைத்து வைத்து ஒரு பழைய தகரத் துண்டில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ஸ்க்ரூ சாய்ந்து இறங்கினால் ரப்பர் ஒரு பக்கம் மட்டுமே அழுந்தும். அதைக் கழற்றி நேராக்குங்கள்.

நடு ரீப்பர்களில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு. விளிம்பு, முகடு, இரண்டு பக்க ஓரங்கள் ஆகியவற்றில் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ வேண்டும். நான்கு மூலைகளிலும் மேட்டின் வடிவத்துக்கே வளைந்த அகல வாஷர் சேர்த்தால் தகரம் ஸ்க்ரூத் தலையைத் தாண்டிக் கிழிந்து வருவது அடியோடு குறையும். பழைய ஓட்டையில் புது ஸ்க்ரூ போடாதீர்கள், பக்கத்து மேட்டுக்கு நகருங்கள். பழைய துளையை டேப்பும் ரிவெட்டும் வைத்து அடைத்துவிடலாம். பக்க இணைப்பில் தகரத்தையும் தகரத்தையும் மட்டும் சேர்க்கும் குட்டி ஸ்க்ரூ அரை மீட்டருக்கு ஒன்று போட்டால் வாய் பிளக்காது.

அன்றன்று வேலை முடியும்போது தகரத்தின் மேல் கிடக்கும் இரும்புத் துகள்களை மென்மையான தூரிகையால் தள்ளிவிடுங்கள். ஒரு மழைக்கே அவை துருப்பிடித்துக் கறையாகிவிடும்.

முகட்டுத் தகடு

முகட்டில் இரண்டு பக்கமும் தகரத்தின் மேல் 15 செ.மீ. இறங்கும் தகடு வேண்டும். தகட்டுக்கும் நெளிவுக்கும் நடுவே தெரியும் இடைவெளிகளில் நெளிவின் வடிவத்துக்கே வெட்டிய ஃபோம் அடைப்பான் வையுங்கள். காற்றோடு அடிக்கும் மழை அந்த வழியாகத்தான் மேலேறி உள்ளே வரும். பக்க ஓரங்களுக்கும் எல் வடிவத் தகடு போட்டு மூடுங்கள். இந்த ஓரத் தகட்டைப் பலர் அழகுக்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தகரத்தின் பக்க விளிம்புக்கு அடியில் காற்று நுழையாமல் தடுப்பது இதுதான்.

பிளைவுட் மேல் தார் ஷீட் போட்ட கூரை

இங்கே தார் ஷீட்டை விடப் பலகைதான் கவலை. கிழிந்த இடத்தைச் சுற்றி அமுக்கிப் பாருங்கள். பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரிந்து ஊதியிருந்தால் அந்தப் பகுதியைக் கைமரத்தின் நடுக்கோடுவரை அறுத்தெடுத்துப் புதுத் துண்டு வையுங்கள். ஈரப் பலகையின் மேல் தார் ஷீட் போட்டால் கொப்புளம் கிளம்பும். ஷீட்டைக் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி விரித்து, ஒன்றன் மேல் ஒன்று 7.5 செ.மீ. ஏற்றி, அகலத் தலை கொண்ட துத்தநாகப் பூச்சு ஆணியை இணைப்பு ஓரத்தில் 5 செ.மீ.க்கு ஒன்றாக அடிக்க வேண்டும். விளிம்பில் மடித்துக் கீழே இறக்கி, மேலே ஒரு ரீப்பர் வைத்து முடுக்கினால் காற்று அதைத் தோலுரிக்க முடியாது.

தரையோடு கட்டுதல்

கூரை கெட்டியான பிறகு இழுப்பு எங்கே போகும்? தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும்தான். கூரையை மட்டும் பலப்படுத்திய கொட்டகை அடுத்த புயலில் முழுசாகக் கவிழ்ந்து கிடப்பதற்கு இதுவே காரணம்.

கான்கிரீட் தளம் இருந்தால் ஒவ்வொரு மூலையிலும் ஆங்கர் போல்ட் போட்டு அடிச்சட்டத்தைப் பிடியுங்கள். தளம் இல்லாவிட்டால் தூண் அடியில் குழி எடுத்துக் கான்கிரீட் போடலாம். 40 செ.மீ. சதுரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள கான்கிரீட் கட்டை ஒன்று சுமார் 230 கிலோ இருக்கும். நாலு மூலைக்கும் சேர்த்தால் 900 கிலோவைத் தாண்டும்; மேலே பார்த்த 2க்கு 3 மீட்டர் கொட்டகைக்கு இது தாராளம். தூண் அந்தக் கான்கிரீட்டோடு போல்ட்டால் பிணைந்திருக்க வேண்டும், சும்மா அதன் மேல் நிற்கக் கூடாது. கைமரத்திலிருந்து தூண் வழியாக அடிவரை இரும்புப் பட்டையோ ஆங்கிளோ எங்கும் விட்டுப்போகாமல் வருகிறதா என்று விரலால் தொட்டுக்கொண்டே ஒருமுறை இறங்கிப் பாருங்கள். மண்ணில் திருகி இறக்கும் ஆங்கரும் கிடைக்கிறது. இளகிய மணலில் அதை நான் நம்பமாட்டேன்.

கதவுக்கு மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள். நடுவில் ஒற்றைக் கொண்டி மட்டும் இருந்தால் கதவின் மேல் மூலை காற்றில் மடங்கித் திறந்துகொள்ளும், பிறகு காற்று உள்ளிருந்து கூரையைத் தள்ள ஆரம்பிக்கும்.

தண்ணீர் விட்டுச் சோதிப்பது

ஒருவர் டார்ச்சோடு உள்ளே இருக்க, இன்னொருவர் ஹோஸ் பைப்பால் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கிப் பகுதி பகுதியாக மேலே போக வேண்டும். நேரே முகட்டில் தண்ணீர் விட்டால் கூரை முழுக்க நனையும், எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் சில நிமிடம் கொடுங்கள். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் ரீப்பர் ஓரமாகக் கொஞ்ச தூரம் ஓடிவந்துதான் சொட்டும்.

மரச் சட்டத்தில் போட்ட ஸ்க்ரூ முதல் சில வாரங்களில் மரம் சுருங்குவதால் லேசாக இளகும். ஒரு மாதம் கழித்து ஏறி, வாஷரைக் கையால் சுற்றிப் பார்த்து, சுற்றுவதை மட்டும் முடுக்குங்கள்; எல்லாவற்றையும் இன்னொரு முறை இறுக்கப் போய் ரப்பரை நசுக்கிவிடாதீர்கள். கூரைக்கு மேல் சாயும் காய்ந்த கிளைகளைப் புயல் காலத்துக்கு முன் கழித்துவிட வேண்டும். மிஞ்சிய ஸ்க்ரூவையும் தகரத் துண்டையும் ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள், கொட்டகைக்குள் வேண்டாம்.